படம் முடியுமுன்

பூனா, 9-11-1941

சௌபாக்கியவதி யதுகிரிக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

காசி யாத்திரை போகிற வழியில் உன் அண்ணா செலுவநாராயணன் வந்து தங்கினார். நன்றாகவே உபசரித்தேன், கவலைப்படாதே. காணாமற்போன பிள்ளையைப் பற்றிய ஒரு மராட்டிப் படத்துக்கும் அழைத்துப் போனேன். நான் முன்பே பார்த்த படம்தான். அவருக்கு மராட்டி தெரியாதே. அந்தத் தாய் சொல்லி அழுததையெல்லாம் ஒன்று விடாமல் அவர் காதில் தமிழில் சொன்னேன். மைசூர் தசரா கூட்டத்தில் மூக்குப்பொடி போடுவதற்காக நம் பிள்ளை சம்பத்தின் கையை விட்டுத் தொலைத்தவர், நேற்று பொடி டப்பாவைத் தொடவே இல்லை. நீ அவரை மன்னித்துவிட்டாய். எனக்கு அந்த மனசு இல்லை.

படம் முடியுமுன் அவரை எழுந்திருக்கச் சொல்லி வெளியே அழைத்து வந்தேன்.

"மாப்பிள்ளே, அந்தக் கொழந்தை கெடைச்சானா?" என்று வாசலில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. உன்னை வேறு வீடு பார்க்கச் சொன்னதாக உன் அண்ணா சொன்னார். வீட்டை மாற்றாதே, சம்பத்துக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உனக்கு மட்டும் சொல்கிறேன்: படத்தில் பிள்ளை கிடைத்துவிடுகிறான்.

திருநாராயணன்