சாம்பல் நிறத்தில் ஒரு கூடம்

இல்லை ஹுய்சின், அந்தப் பெண் மேல் புகார் எழுதாதே. அளவெடுக்க வந்தவர்களுக்குக் கண் இல்லையா என்று கேட்டிருந்தாய். கண் இருந்தது. மறைத்தது நான்.

நலம் கேட்காமலே தொடங்கிவிட்டேன் பார். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே குளிர் குறைந்திருக்க வேண்டும். நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்கால்தான் மழைக்கு முந்திக்கொண்டு வலிக்கிறது, கால்வாய் ஓரத்து நடையை விட்டுவிட்டார். யாங்சோவில் மூன்று நாளாகத் தூறல்.

வான்கூவரில் உட்கார்ந்து நம் சந்து வீடுகளை நீ கணினியில் தேடிப் பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு வீடு நிறம் பூசிய வரைபடம். பழுப்பு என்றால் காக்க வேண்டியது, மஞ்சள் என்றால் பழுதுபார்க்க வேண்டியது, சாம்பல் என்றால் மதிப்பு ஒன்றும் இல்லை, இடிக்கலாம். பக்கத்து வீட்டுப் பாங் பெரியம்மாவின் பின்கூடம் சாம்பல். மார்ச்சில் கே என்ற கல்லூரிப் பெண் வந்தாள். ட்ரோன் மேலிருந்து கூரைகளைப் படம் எடுத்துவிட்டது, கட்டின வருடத்தை மட்டும் சந்தில் பழகிய ஒருவர் சொல்ல வேண்டும், அவள் அதைக் கைக்கணினியில் பதிவுசெய்வாள். தெருக் குழு என்னை அனுப்பியது. எனக்குப் பெருமை. பதினாறு வீடு சொன்னேன், எல்லாம் சரியாக. பின்கூடத்தின் முன்னால் அவள் நின்றாள். வெளியே சிமெண்டுப் பூச்சு, மேலே புது ஓடு. உள்ள போய்ப் பாக்கலாமாம்மா என்று என்னிடம் கேட்டாள். உள்ளே போக வேண்டுமானால் பாங்கிடம் பேச வேண்டும். அங்க என்ன இருக்கு பாக்க, எம்பத்திமூணுல கட்டினது, கோழிக்கொட்டாய் மாதிரி இருக்கும் என்றேன். தட்டினாள். சாம்பல்.

பதினொரு வருடமாக நான் பாங்கோடு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். காரணம் தெரியாது. நீ விமானம் ஏறிய கோடையில், துணி காயப்போடும் என் மூங்கில் கழி அவள் சுவரைத் தொடுகிறது என்று சண்டை. உனக்கு இருந்தது ஒத்தப் பொண்ணு, அதுவும் கடல் தாண்டிப் போயிடுச்சு, யார் சட்டையக் காயப்போட உனக்கு இவ்வளவு நீளக் கழி என்றாள். சந்தே கேட்டது. அன்று மூடினேன் வாயை.

ஆனால் அந்தக் கூடத்தின் வயது எனக்குத் தெரியாதா. உனக்கு நாலு வயதில் மழையில் நம் கூரை இறங்கியதே, நாற்பது நாள் நாம் மூவரும் அங்கேதான் படுத்தோம். முகம் சுளித்து ஒரு சொல் இல்லை, பாய் விரித்துக் கொடுத்தாள். மல்லாந்து படுத்தால் முகட்டு உத்தரம். அதை ஏற்றிய நாளை மையால் எழுதியிருந்தார்கள், குவாங்ஷு பேரரசரின் பன்னிரண்டாம் ஆண்டு. நூற்று முப்பது வருடத்துக்கும் மேல். நீ முதலில் படித்த எழுத்துகள் அவை. விரலால் காற்றில் எழுதிக் காட்டியவள் நான்.

போன வாரம் சந்து முனையில் வரைபடத்தை ஒட்டினார்கள். பாங் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மிஷின் மேல இருந்து பாத்துச்சாம், மேல இருந்து பாத்தா நான்கூடப் புதுசுதான், தலைக்கு மை போட்டிருக்கேனே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கீரைப் பையோடு பின்னால் நின்ற நானும் சிரித்தேன். பிறகு அவள் மெல்ல, அப்ப நான் எங்க போறது என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். நீ பேசாம இருந்தது போதாதுன்னு வேண்டாததையும் பேசிட்டு வந்தியா என்றார். சோயாப் பாலை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி. உத்தரத்தின் படம் வேண்டும். படிவத்தில் முதலில் தவறாகச் சொன்னவர் யார் என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும், அந்தப் பெயரும் சந்து முனையில் ஒட்டப்படும். மூன்று நாளாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, நிம்மதியாக இரு. காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. கேயைப் பற்றி யாருக்கும் எழுதாதே, மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஷென் குய்யிங்

உறையை ஒட்டும் முன் இதையும் எழுதுகிறேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாங்கின் கதவைத் தட்டினேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கதவை முழுதாகத் திறந்தாள். செருப்பத் துடைச்சிட்டு வா என்றாள். நான் ஏறினேன், ஏணியின் அடியை அவள் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்தேன். கட்டத்தில் என் முழுப் பெயரை எழுதி அனுப்பினேன்.