ஜெபமாலையின் மறுபாதி

அக்கா,

ஜெபமாலை மாதமான அக்டோபர் பிறந்துவிட்டது. மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. இன்று பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி வாசனையும் மல்லிகை வாசனையும் என் ஜன்னல் வழியாக வருகின்றன. கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. அவர்கள் சொல்வது புது ஜெபம். என் வாய்க்கு அது வராது, வரவைக்கவும் மாட்டேன்.

நமக்குக் கடவுள் என்றால் பழைய சர்வேசுரன்தான். கடலூர் வீட்டில் அம்மா நம்மை முழங்காலில் நிறுத்திக் கற்றுத்தந்த பழைய ஜெபம். முதல் பாதியை நீ சொல்வாய், மறுபாதியை நான் சொல்வேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே உன் ஜெபப் புத்தகத்தில்தான். பிறகு கோயிலில் வார்த்தைகளை மாற்றினார்கள். நீ அங்கே புதுசைச் சொன்னாய், வீட்டில் பழசைச் சொன்னாய். நான் எங்கேயும் மாறவில்லை. "பிடிவாதக்காரா, சர்வேசுரனுக்கு ரெண்டும் புரியும்டா" என்று சிரிப்பாய்.

மச்சான் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நீ. தவக்காலம் முழுக்க உன் வீட்டில் மீன் கிடையாது. "இந்தம்மாவுக்கு ஈஸ்டர் வந்தாதான் என் மூஞ்சி தெரியும்" என்று தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா கேலி செய்வாள்.

உன் மகன் உன்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். உனக்கு மறதி முற்றியதும் அவனே போன் செய்தான். "மாமா, ஒரு நடை வந்துட்டுப் போங்க. அம்மா தூங்கவே மாட்டேங்குறாங்க."

வந்து பார்த்தால், உன் பேத்தி கட்டிலருகே உட்கார்ந்து புது வார்த்தைகளில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினாய்.

"யாருடி நீ? எதுக்கு ஜெபத்தக் கெடுக்கிற?"

"நானும் அதேதான் பாட்டி சொல்றேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே பழைய மறுபாதியைச் சொன்னேன். நீ கண் திறக்கவில்லை. "இவ்ளோ நேரம் எங்கடா போன?" என்றாய். விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது. ஜெபமாலை முடிந்ததும் தூங்கிவிட்டாய்.

"என் வூட்டுக்கு அனுப்பு" என்றேன் உன் மகனிடம்.

"டாக்டர் பக்கத்துல இருக்கணும் மாமா. உங்க பதில ரெகார்டு பண்ணிக் குடுங்க, போதும்."

நேராகப் போனில் சொல்லிப் பார்த்தேன், குரல் விட்டுவிட்டுக் கேட்டது. வேறு வழியில்லாமல் பதிவு செய்து கொடுத்தேன். அது காத்திருக்குமா? மூச்சு வாங்கி நீ நடுவில் நிற்கும்போதே என் குரல் முந்திக்கொள்ளும். "அவசரப்படாதடா" என்று அதட்டுவாயாம். அதைக் கேட்ட பிறகு முட்டிவலியோடு சாயங்காலம் தோறும் பஸ் ஏறினேன்.

அன்று நல்ல மழை. சிதம்பரம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்ட கண்டக்டரிடமெல்லாம் சண்டை போட்டேன். ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை. இருட்டும் நேரத்தில் பேத்தி போனில் பேசினாள்.

"பாட்டி பாதியில நிறுத்திட்டாங்க தாத்தா. நீங்க மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க."

பின்னால் பதிவிலிருந்த என் குரல் கேட்டது.

அடக்கப் பூசையில் ஒரு தடவையாவது பழைய ஜெபத்தைச் சொல்லும்படி கேட்டேன். "யாருக்கும் தெரியாதே மாமா" என்றான் உன் மகன். அவன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவனிடம் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

இப்போதும் சாயங்காலம் உட்காருகிறேன். முதல் பாதியை நான் சொல்வதில்லை. நீ சொல்லி முடிக்கும் வரை, நடுவில் உனக்கு மூச்சு வாங்கும் நேரத்தையும் சேர்த்து, பொறுத்திருந்துவிட்டு மறுபாதியைச் சொல்கிறேன்.