நாற்பது பன்றிகளுக்கு அப்புறம்

டென்மார்க், 12.11.2015

அப்பாவுக்கு, செவ்வந்தி வணங்கி எழுதுவது. நிலக்கரி மைன்ஸ் புழுதியில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம்.

எந்தத் தீவனம் பன்றிகளுக்கு ஒத்துக்கொள்கிறது என்று அறிய, இரண்டு வருடமாக அவற்றின் சாணத்தை அள்ளி, குடல் பாக்டீரியாக்களைக் கணக்கெடுத்தேன் அல்லவா? அந்தக் கட்டுரை போன வாரம் வெளியானது. நாற்பது பன்றிகளின் காதுப்பட்டை எண்களும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீ கான்ட்ராக்ட்தானே" என்று பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், கவலைப்படாதீர்கள்.

"எம் பேரு மைன்ஸ் பர்மனென்ட் லிஸ்ட்ல வராமயே போயிடுச்சி, உம் பேராவது வரட்டும்மா" என்று சொல்லித்தானே பஸ் ஏற்றிவிட்டீர்கள்.

அம்மாவிடம் மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்லுங்கள். தீவன நேரம், ஓடவேண்டும். பொட்டலத்தின் மேல் என் பெயரை நீங்களே எழுதுங்கள், பெரிதாக.

செவ்வந்தி