தொட்டிலில் ஏறிய உண்ணி

கொட்டாஞ்சேனை, 9 ஜூன் 1942

மாலையில் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் காதுக்குப் பின்னால் மச்சம் போல ஒன்றைக் கண்டேன். கிட்டப் பார்த்தால் கால்கள் அசைந்தன. உண்ணி!

என் வீட்டுக்காரர் சுருட்டோடு ஓடிவந்தார். “சுட்டால் விழுந்திடும்.”

“பிள்ளையையே சுடப்போறியள்? தள்ளுங்கோ.”

முள் எடுக்கும் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தேன். தலையோடு வந்தது.

“எங்கட ஆட்டில இருந்துதான் வந்திருக்கு. நாளைக்கு அதை வித்துப்போடுறன்,” என்றார்.

“கடையில பால்மா இல்லை. பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?”

அவர் அறைச் சுவரோடு இருந்த ஆட்டை முற்றத்துக் கோடியில் கட்டிவிட்டு, அதன் பழைய வைக்கோலை எரித்தார். நான் சுவர் வெடிப்புகளுக்கு மண்ணெண்ணெய் விட்டேன்.

பிள்ளை தூங்குகிறாள். உடம்பு சுடவில்லை, ஆனாலும் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். அவர் வெளியே கைவிளக்கோடு ஆட்டின் காதுகளைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

“இஞ்ச வாரும், இன்னும் கிடக்கு” என்று கூப்பிடுகிறார்.