துரைசானியை இன்னொருவர் கையில் கொடுத்தேன், நைனா

ஆசை நைனா,

முதலில் நல்ல சேதி. துரைசானி சாப்பிடுகிறாள். நேற்று அம்மா மடவை மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைத்தாள். தட்டை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே தெரு வரைக்கும் போய்விட்டது அந்தக் கழுதை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இரண்டாவது சேதியைக் கேட்டால் நீ முறைப்பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள யாருகிட்டயும் கத்திரிக்குக் குடுத்துடாதமா"ன்னு சொன்னாய். நானும் சரின்னு தலையாட்டினேன். கொடுத்துவிட்டேன், நைனா. எப்படி, ஏன் என்று முழுசாகச் சொல்கிறேன். நாய் வளர்க்கிற நாலு பேர் கூட இதைக் கேட்கட்டும் என்றுதான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்க நைனா, அதாவது அப்பா, கோட்டைக்குப்பத்து மீன்காரர். ஏரியிலும் கடலிலும் வலை போட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறையில், எலும்புக்கூடு செதுக்கின தூண் ஓரமாக ஒரு வெள்ளைச் சடைநாய் ஒண்டிக்கொண்டு கிடந்தது. படகு சவாரிக்குக் காரில் வந்தவர்கள் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போகிற வருகிற ஒவ்வொரு காருக்கும் எழுந்து எழுந்து நின்றதாம். எங்க நைனா அதை மீன் கூடையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "வெள்ளக்காரங்க ஊட்டாண்ட துரைசானி ஒண்ணு தனியா குந்தினு இருந்துச்சு"ன்னு அம்மாவிடம் சொன்னார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

உனக்கு அந்தக் கத்திரிக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மறக்குமா? சடை சிக்காகிவிட்டது என்று ஏழுமலை மாமா ஆட்டோவில் அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனாய். நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுகிற பெரிய கடை. விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க என்றார்கள். சாயங்காலம் ரிப்பன் கட்டி, செண்ட் அடித்துக் கொடுத்தார்கள். நீ கழுத்தைத் தடவினதும் அவள் அலறினாள். முடிக்கு அடியில் தோல் வெந்து சிவந்திருந்தது, சூட்டுக் காற்று அடிக்கிற மெஷினைக் கிட்டத்தில் வைத்துக் காயவைத்ததில். "இது வரும்போதே இருந்துச்சுண்ணே" என்றானாம் கடைக்காரன். "காலைல நான் தடவிட்டு வுட்ட கழுத்துடா இது" என்று நீ கத்தினதை மாமா இன்னிக்கும் சொல்வார்.

அதற்குப் பிறகு யாரையும் தொட விடவில்லை நீ. வலை வேலை முடிந்ததும் அம்மாவின் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். காதைப் புரட்டிப் பார்ப்பாய், வாயைத் திறந்து பார்ப்பாய், கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்து மண் எடுப்பாய். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். பெத்த பிள்ளைக்குத் தலை வாரினதில்லையே இந்த மனுஷன் என்று.

நீ படுத்த படுக்கையான பிறகு சீப்பு நின்றுபோனது. நான் காலையில் துறைமுகத்துப் பஸ் ஏறினால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். (ஆமாம், காட்டுப்பள்ளித் துறைமுகக் கேண்டீனில்தான் இன்னும் வேலை. அதைப் பற்றி நாம் போட்ட சண்டை போதும்.) அம்மா உன் பக்கத்தை விட்டு நகரவில்லை. துரைசானி உன் கட்டிலுக்கடியில் கிடந்தாள். சடை திரிந்து, கட்டி கட்டியாகி, அவளே ஒரு பழைய கயிற்று மூட்டை மாதிரி ஆகிவிட்டாள்.

நீ போன பிறகு அவள் மாறிவிட்டாள், நைனா. கிட்டே போனால் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். சோற்றைத் தொடவில்லை. துக்கம் என்று நினைத்தோம். ஊரே அப்படித்தான் சொன்னது. "அந்த மனுசன் போன ஏக்கம், தானா சரியாப் பூடும்." அம்மாகூட, "எனக்கும்தான் சோறு எறங்கல, அதுக்கு மட்டும் எறங்குமா?" என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் அம்மா அவளைத் தூக்கிக் குளிப்பாட்டப் போனாள். துரைசானி கடித்துவிட்டாள். சும்மா பல் படவில்லை. ரத்தம் கொட்டியது. அம்மாவுக்கு ஊசி போட்டுக் கூட்டி வந்தேன். நீ வருஷா வருஷம் நாய்க்குத் தடுப்பூசி போட்டு வைத்திருந்ததால் கொஞ்சம் தைரியம். ஆனால் ஏழுமலை மாமா வாசலிலேயே ஆட்டோவோடு நின்றார்.

"கோமதி, இது இனிமே ஆவாது. புள்ளைங்க ஓடியாடுற தெரு. காட்டூர்ப் பக்கம் வயல்ல இறக்கி உட்டுட்டு வந்துடறேன். எதனா துன்னு பொழச்சுக்கும்."

மாமா கெட்டவர் இல்லை. அம்மாவின் கைக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேசினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்தக் கல்லறை வாசல்தான் ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை ஒரு வண்டி அவளை இறக்கிவிட்டுப் போவதா? "ஒரு வாரம் குடு மாமா"ன்னு கேட்டேன். எதற்கு ஒரு வாரம் என்று எனக்கே தெரியாது.

கேண்டீனில் கூட வேலை செய்கிற பெண்தான் ஷபானாவைப் பற்றிச் சொன்னாள். பழவேற்காட்டுப் பொண்ணு, பட்டணத்தில் நாய்களுக்கு முடி வெட்டுகிற வேலை கற்றுக்கொண்டு, இப்போது பொன்னேரியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள். உன் வார்த்தை என் காதிலேயே இருந்தது. அதனால் நாயை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் முதலில் போய்ப் பார்த்தேன். கடையில் என்ன வாசனை வருகிறது, நாய்கள் எப்படி நிற்கின்றன, தரை எப்படி இருக்கிறது என்று திருடி மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"இன்னாக்கா, சோதனைக்கு வந்தீங்களா?" என்று சிரித்தாள் ஷபானா.

ஒளிக்காமல் எல்லாம் சொல்லிவிட்டேன். வெந்த கழுத்து, நீ போட்ட உத்தரவு, அம்மாவின் கை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"நீ வெட்டும்போது நானும் கூடவே குந்தலாமா?" என்றேன்.

"தாராளமா. ஆனா சில நாய் ஓனரு பக்கத்துல இருந்தா இன்னும் துள்ளும். அப்டி ஆச்சுன்னா கண்ணாடிக்கு அந்தாண்ட நில்லுங்க. நீங்க அவளப் பாக்கலாம், அவ உங்களப் பாக்க வேணாம். டிரையரு போட மாட்டேன், துண்டுலயே தொடச்சிடலாம். முழு மொட்டையும் அடிக்க மாட்டேன், வெயிலுக்கு இவங்க தோலு தாங்காது."

அடுத்த விடுமுறைக்கு மாமாவின் ஆட்டோவிலேயே போனோம். கடைக்குள் துரைசானி ஒரு மூலையில் போய் ஒடுங்கினாள். ஷபானா அவசரப்படவில்லை. தரையில் உட்கார்ந்து, மெஷினை ஓட்டாமலே பக்கத்தில் வைத்து மோந்து பார்க்க விட்டாள். பிறகு தூரத்தில் வைத்து ஓட்டிக் காட்டினாள். முதுகில் கை வைத்தாள். காதைத் தூக்கினாள். பின்னங்கால் விரலைப் பிரித்தாள். துரைசானி முனகினாளே தவிரச் சீறவில்லை.

ஷபானா தலை நிமிர்ந்தாள். "அக்கா, இவள யாரோ தெனமும் கை வெச்சுப் பழக்கி இருக்காங்க. காதத் தொட்டாலே கடிக்கிற நாய்ங்கதான் எங்ககிட்ட நெறைய வரும். இவ வுடுறா பாருங்க."

நைனா, அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நீ சீப்போடு உட்கார்ந்திருந்ததெல்லாம் வெறும் செல்லம் என்று நினைத்திருந்தேனே.

முதுகுச் சடை பாய் பாயாகக் கழன்று விழுந்தது. காதுக்குப் பின்னால் கத்திரி வைக்கும்போது துரைசானி வெடுக்கென்று தலையைத் திருப்பினாள். ஷபானா உடனே கத்திரியைக் கீழே வைத்தாள். "அக்கா, இங்க வந்து பாருங்க. நான் வெட்டிட்டேன். சின்னதுதான். ஆனா வெட்டிட்டேன்." அரிசி அளவு காயம். முடியை இழுத்து மூடியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மருந்து தடவி, ரத்தம் நின்றதைக் காட்டிவிட்டுத்தான் மறுபடி தொடங்கினாள். கோபம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஏன் என்று உனக்குப் புரியும்.

அப்புறம் இடது முன்னங்காலுக்கு வந்தாள். அக்குள் பக்கம் சடை கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அங்கே விரல் பட்டதுதான் தாமதம், துரைசானி அலறிய அலறலில் வெளியே ஆட்டோவில் இருந்த மாமா ஓடி வந்துவிட்டார். பல்லைக் காட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்கி நின்றாள். ஷபானா மெஷினை நிறுத்தினாள்.

"இதுக்கு மேல நான் கை வெக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "இவ்ளோ தூரம் இட்டுனு வந்து பாதியில உடுறியேம்மா. நானும் மாமாவும் அமுக்கிப் புடிச்சிக்கிறோம். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்க்கா. ஆனா இது கோவம் இல்ல, வலி. உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துல நான் கத்தி ஓட்டுனா தப்பு. டாக்டரு மயக்க ஊசி போட்டுப் பாக்கணும். வாங்க, நானும் வரேன்."

வெளியே நாயோடு காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு எங்களோடு கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்தாள் அந்தப் பெண். டாக்டர் ஊசி போட்டு மயங்க வைத்தார். அவர் சொன்ன இடத்தில் ஷபானா கொஞ்சம் கொஞ்சமாக முடியை எடுத்தாள். வாடை வந்தது. பிறகு தெரிந்தது.

தங்கூஸ், நைனா. நரம்பு வலையிலிருந்து அறுந்த ஒரு நைலான் இழைத் துண்டு, அவள் காலைச் சுற்றி மாட்டி, சடைக்குள் மறைந்து, அசைய அசைய இறுகி, சதைக்குள்ளேயே போய்விட்டிருந்தது. கரையில் வலைக் குவியல் மேல்தானே எப்போதும் புரள்வாள். எந்த வலையோ, எப்போது மாட்டியதோ. டாக்டர் அதை வெட்டி இழுத்தபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர்.

நாங்கள் ஏக்கம் என்றோம். வெறி என்றோம். வயலில் இறக்கிவிடலாம் என்றோம். அவள் அத்தனை நாளும் வலிக்குது வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்கத் தெரிந்த நீ இல்லை.

திரும்பி வரும்போது துணியில் சுற்றி மாமாவே அவளை மடியில் வைத்துக்கொண்டார். அப்போ ஆட்டோவை யார் ஓட்டினார்கள் என்று கேட்கிறாயா? பொன்னேரி ஸ்டாண்டில் இருந்த அவர் சிநேகிதரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். "நீ வெச்சுக்க கோமதி"ன்னு ஒரு தடவைகூட என்னிடம் நீட்டவில்லை.

சரி, இப்போது நீ கேட்பாய். அப்போ கடைக்காரங்கள நம்பலாம்னு சொல்றியா? தெரியாது நைனா. உன்னிடம் பொய் சொன்னவனும் அதே தொழில்தான். அவனை நான் மன்னிக்கவில்லை, நீயும் மன்னிக்க வேண்டாம். ஆனால் அவனுக்காக ஷபானாவையும் தள்ளி வைத்திருந்தால் இன்றைக்குத் துரைசானிக்கு மூன்று கால். கண் மறைவில் விட்டுவிட்டு வரச் சொல்கிற இடத்தில் நான் விட மாட்டேன். என் கையில் தப்பு நடந்துவிட்டது என்று அப்போதே சொல்கிறவளிடம், இதை நான் செய்யக்கூடாது என்று நிறுத்துகிறவளிடம் விடுவேன். நீயும் அப்படி ஒருத்தியைப் பார்த்திருந்தால் அந்த உத்தரவைப் போட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை, அப்படியும் பிடிவாதம் பிடித்திருப்பாயா?

ஷபானாவுக்கு நன்றி சொல்லப் போனேன். அம்மா கொடுத்தனுப்பிய இறாலை வாங்கிக்கொண்டு, "உங்க நைனாவுக்குச் சொல்லுங்க. பாதி வேலைய அவர்தான் செஞ்சு வெச்சாரு"ன்னாள். அதனால்தான் சொல்கிறேன். நன்றி, நைனா. உன் கை பழக்கி வைத்ததால்தான் அவள் இன்னொரு கையை அனுமதித்தாள். ஷபானா சொல்லாவிட்டால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொன்று. அம்மா இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் என் மேல் எரிந்து விழுகிறாள். குழம்பு ஆறிப்போச்சு என்பாள், பஸ்ஸுக்கு ஏன் இவ்ளோ சீக்கிரம் ஓடுற என்பாள், விளக்கை ஏன் அணைச்ச என்பாள். நானும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். முந்தாநாள் அப்படிக் கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டேன். "எனக்கு இன்னா வலி, போடி"ன்னாள். நான் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்து, நீ போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் யார் சீறினாலும், கோபம் என்று சொல்லுவதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது என்று பார்ப்பேன். நீ நிம்மதியாக இரு.

உன் மூத்த பொண்ணு,
கோமதி