நாற்பது படகுகள்

ஆபியா,
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் லிதாராவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால்களை மட்டும் இந்த வாரம் அதில் சேர்க்காதே. பிரஸ்ஸல்ஸில் குளிர் தொடங்கியிருக்கும், நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாலை ஜெபத்தில் கேட்கிறோம். நீ தூதரான செய்தி வானொலியில் வந்ததிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொக்கோ காய்ச்சிக் களைத்துப்போய் உன் அம்மா, "தூதரைப் பெத்தவளுக்கு கவர்மெண்டு ஒரு சமையக்காரியாவது குடுக்கக் கூடாதா" என்கிறாள். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம். மற்றதை முடியாது, நீ குறுக்கே ஒரு வார்த்தை கேட்டால் நான் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதி, தன் மகளைப் பார்க்க அங்கே வருகிற பக்கத்து வீட்டு நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, போவாசா மனைவியோடு வந்தான். நீ வெளியுறவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது உனக்கு மேலே இருந்தவன், இப்போது ஃபலேஃபா பேருந்தை ஓட்டுகிறவன். நம் வழக்கப்படி உனக்குச் சீராக நுண்ணிய பின்னலில் ஒரு நல்ல பாய் கொண்டுவந்திருந்தான். "எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட புள்ள மாமா, அவ எழுதினா நான் ஒரு எழுத்து மாத்த வேண்டியிருக்காது" என்றான். என்னால் கை நீட்ட முடியவில்லை. உன் அம்மாதான் வாங்கிக்கொண்டாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் மீன்பிடி ஒப்பந்தப் பேச்சில், வெளிநாட்டுப் படகுகளில் எத்தனையை நம் கடலில் விடுவது என்பதுதான் கேள்வி. நீங்கள் இருபத்தைந்தில் தொடங்கி, வேறு வழியே இல்லையென்றால் நாற்பது வரை போவதாக முடிவு செய்திருந்தீர்கள். அந்தத் தாள் நீ, போவாசா, உங்கள் மேலதிகாரி மூவரிடம் மட்டும் இருந்தது. அன்று மாலை மழையில் உன் பை நனைந்துவிட்டது. தாள்களை மேசைமேல் பரப்பி உலர வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் படித்தேன். மறுநாள் காலை வானொலியில் ஏழு மணிச் செய்தியில், நம் தரப்பு நாற்பது படகுகள் வரை சம்மதிக்கும் எனத் தெரிகிறது என்று வாசித்தேன். அன்றைய பேச்சில் எதிர்த்தரப்பு நாற்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

விசாரணை வந்தது. செய்திக்கு முந்தின நாள் நான்கு மணிக்குப் போவாசா வானொலி நிலையத்துக்கு வந்ததைக் காவலாளி சொன்னார். அவன் வந்தது தன் அத்தையின் சாவு அறிவிப்பைக் கொடுக்க. அதை வாங்கிக்கொண்டவனே நான்தான், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை. யார் சொன்னது என்று என்னைக் கேட்டார்கள். தகவல் தந்தவர் பெயரை நிருபர் சொல்ல மாட்டான் என்றேன். அப்படி ஒருவர் இருந்தால்தானே பெயர். அந்தப் பதிலுக்காக நிலையத்தில் எனக்குக் கைதட்டினார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னை உதாரணமாகக் காட்டினார்கள். போவாசாவைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள், ஆறு மாதத்தில் அவனே விலகிவிட்டான். வெலிங்டனுக்குப் போக வேண்டியிருந்தவன் அவன், போனது நீ. பிறகு நியூயார்க், பிறகு துணைத் தூதர், இப்போது இது. அவன் பேருந்து வருவதைப் பார்த்தால் நான் நிறுத்தத்தை விட்டு நடந்தே போய்விடுவேன்.

திங்கள் மாலை உன் அம்மாவிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் செய்தி வாசிச்ச மனுசன், கட்டினவளுக்குச் சொல்ல பத்தொம்பது வருசமா?" என்று அழுதாள். செவ்வாய் விடியற்காலை நம் வீட்டுப் பெரிய பாயை எடுத்துக்கொண்டு ஃபலேஃபாவுக்குப் போய், மன்னிப்புக் கேட்கும் நம் பழைய முறைப்படி அவர்கள் வீட்டு முன் தரையில் உட்கார்ந்து தலைக்குமேல் போர்த்திக்கொண்டேன். தனியாகப் போகத்தான் நினைத்தேன், உன் அம்மா கேட்கவில்லை, பாய்க்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் பாயை எடுக்கும்வரை எழக்கூடாது, எடுக்காமலும் விடலாம். முதலில் வந்தது அவன் மனைவி தெலேசியா. என்ன குற்றம் என்று கேட்டாள், உள்ளிருந்தே சொன்னேன். "நல்லா உக்காருங்க, வெயில் ஏறட்டும். 'நீதான் சொன்னியாடா'ன்னு கேட்டுக் கேட்டே எங்க மாமியா செத்துச்சு. அப்ப எங்க இருந்தீங்க?" என்றாள். வெயில் ஏறியது. முதல் நடை முடித்து ஒன்பதரைக்கு வந்த போவாசாதான் பாயை எடுத்தான். "எந்திரிங்க மாமா, அத்தைக்கு மூச்சு வாங்குது" என்றான். நாங்கள் எழுந்த பிறகு, "நான் லிதாரான்னுல்ல நெனச்சிருந்தேன். சின்னப் பொண்ணு, பயந்துட்டா, போகட்டும்னு விட்டேன்" என்றான். அப்படி நினைத்துக்கொண்டேதான் உனக்குப் பாய் கொண்டுவந்திருக்கிறான்.

என்ன பரிகாரம் வேண்டும் என்று கேட்டேன். "ஏழு மணி நியூஸ்லதான போச்சு, ஏழு மணி நியூஸ்லயே வரட்டும்" என்றான். நீ அடுத்த மாதம் அங்கே மன்னரிடம் நியமனப் பத்திரம் கொடுத்த பிறகு போதும் என்றும் சொன்னான். தெலேசியா, "ஆமா, இன்னொரு பத்தொம்பது வருசம் பொறுப்போம், நமக்கென்ன" என்றாள். அவள் பக்கம்தான் நியாயம். வருகிற இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நடந்ததை நானே வாசிக்கிறேன். நிலையத்தில் சம்மதித்துவிட்டார்கள்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் இதன் பாரத்தையும் உன்மேல் வைத்ததாகிவிடும். ரகசியத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனது ஏன் என்று உன்னைக் கேட்பார்கள். பதவி என்னாகும் என்று எனக்குத் தெரியாது. அமைச்சரிடம் நீயே முந்திச் சொல்லிவிடு. தாளை உன் அனுமதியின்றிப் படித்தேன் என்றே வாசிப்பேன்.

ஒன்றை மட்டும் வாசிக்க மாட்டேன். செய்தி வந்த அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, நீங்க அதைப் படிச்சீங்களா?" என்று கேட்டாய். நிருபரிடம் அதைக் கேட்கக் கூடாது என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. படித்தேன், கண்ணு. நீ கேட்டாய் என்பதை ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உன்னைச் சேர்ந்தது.

கடவுள் உன் வாயிலும் நடையிலும் துணையிருக்கட்டும். அம்மா முத்தம் அனுப்புகிறாள், காதை மூடாமல் வெளியே போகாதே என்கிறாள். இங்கே வெள்ளி காலை ஏழு மணி என்றால் உனக்கு வியாழன் மாலை ஏழு, மறந்துவிடாதே. போவாசாவின் தொலைபேசி எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
அபேலு