கடைசி நான்கு தாள்களை வெறுமையாக விடக் கோரி

அனுப்புநர்:
சு. காசியம்மா (வயது 61),
மீன் வியாபாரம் மற்றும் நாடக நடிப்பு,
கிளிஞ்சல்மேடு, காரைக்கால்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: இயக்குநர் வி. பூமிநாதன் அவர்களின் ‘கடைமடை வழக்கு’ நாடகத்துக்கான அனுமதியில் ஒரு நிபந்தனையை நீக்கக் கோருதல். என் தவறை ஒப்புக்கொள்ளுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஏலம் முடிந்து கூடையைக் கழுவி வைத்துவிட்டு இதை என் கைப்பட எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. பூமிநாதன் அவர்கள் விழிதியூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வாய்க்காலில் தண்ணீர் வராத ஓர் ஆண்டில், வெடித்துக் கிடந்த வயலையே மேடையாக்கித் தம் முதல் நாடகத்தைப் போட்டார். அதன்பின் முப்பது நாடகங்கள், மூன்று திரைப்படங்கள். உப்பளத் தொழிலாளர் பற்றிய படத்தில் ஒரு காட்சியை வெட்டினால்தான் வெளியிடுவோம் என்றார்கள். அவர் வெட்டவில்லை. ஆறு ஆண்டு படம் பெட்டிக்குள் கிடந்தது. அவர் தெருத்தெருவாக நாடகம் போட்டார். பிறகு அதே படத்துக்குப் பரிசு கொடுத்தபோது, அந்த மேடையிலும் உப்பளத்துக் கூலியைப் பற்றித்தான் பேசினார். அப்படிப்பட்டவர் நம் மண்ணில் பிறந்தது எனக்கு எவ்வளவு பெருமை! கோபக்காரர்தான், அதையும் மறைக்கவில்லை. ஒரு காட்சிக்காக அரை நாள் என்னை வெயிலில் படகில் உட்கார வைத்தார். மோர் கேட்டதற்கு முறைத்தார்.

2. தம் நாடகங்களுக்கு அவர் கடைசிக் காட்சி எழுதுவதே இல்லை. நடிகர்கள் நாங்கள் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடுவோம். பார்க்க வந்தவர்களில் குறை உள்ளவர் மேடையேறிப் பேச வேண்டும். 1996-இல் தலத்தெரு திடலில் அப்படி ஏறியவள் நான். ஏலம் போடும் இடத்தில் ஒதுங்க ஒரு கூரை இல்லை, கைக்குழந்தையோடு மழையில் நனைகிறோம் என்று கத்தினேன். முன்வரிசையில் ஓர் அதிகாரி இருந்தார். எட்டு மாதத்தில் கூரை வந்தது. அதன்கீழ்தான் இன்றும் மீன் விற்கிறேன். மறுவருடம் பூமிநாதன் அவர்களே என்னை நடிக்கக் கூப்பிட்டார்.

3. இப்போது அவருக்கு வயது 73. கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. இதுவே கடைசி நாடகம், அதைத் தலத்தெருவில்தான் போடுவேன் என்கிறார். நாள் 23.02.2025. அனுமதிக்காகத் தங்கள் அலுவலகத்தில் வசனத்தைக் கொடுத்தோம். கடைசி நான்கு தாள் வெறுமையாக உள்ளதால் முழுமையாக இல்லையென்று திரும்பி வந்தது. இங்கேதான் ஐயா என் புத்தி கெட்டது. எப்படியாவது நாடகம் நடந்தால் போதுமென்று, அவரிடம் கேட்காமல் நானே நான்கு தாளையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஊரில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, அதிகாரிகளுக்கு நன்றி என்று எழுதினேன். அனுமதி வந்தது. கொடுத்த வசனத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் மேடையில் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது.

4. நிபந்தனையைக் கேள்விப்பட்டதும் பூமிநாதன் அவர்கள் அந்தத் தாள்களைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கூரை கேட்டவளா இதை எழுதினாள் என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஒன்பது நாளாக என்னோடு பேச்சில்லை. இந்த நிபந்தனையோடு நாடகமே வேண்டாம் என்றும் மற்ற நடிகர்களிடம் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

5. ஆகவே, நான் எழுதிய நான்கு தாளும் பொய் என்று இதன்மூலம் ஒப்புக்கொண்டு அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். பதிலாக நான்கு வெற்றுத் தாள்கள் இணைத்துள்ளேன். அவற்றையே கடைசிக் காட்சியாக ஏற்று, நிபந்தனையை நீக்கி உத்தரவிட வேண்டுகிறேன். யார் ஏறி என்ன பேசுவார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. கைகலப்பு வராது என்பதற்கு நான் பொறுப்பு. முன்வரிசையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி போடுகிறோம், அவசியம் வாருங்கள். அன்றைக்கு முதலில் மேடையேறப் போகிறவள் நான்தான். அந்தப் பொய்யை எழுதியது நானென்று ஊரறிய, அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

இடம்: காரைக்கால்
நாள்: 05.02.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
சு. காசியம்மா

இணைப்பு: வெற்றுத் தாள்கள் – 4